மறுகா

அக்கரைப்பற்று பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போட்டோக்கொப்பி, லமினேட்டிங், தட்டச்சு.
மரண அறிவித்தல் என்றால்
கால் மணித்தியாலத்தில் முடித்துக் கொடுப்பேன்.
பிரேதம் காத்திருக்காது,
காற்புள்ளிக்கு யார் அழப்போகிறார்கள்.
காணி உறுதி நகல்,
கிராம சேவையாளருக்கு விண்ணப்பம்,
சம்பளப் பிடித்தம் பற்றி நாலாவது நினைவூட்டல்,
எல்லாம் என் விரல் வழியே
ஒரே மூச்சில் ஓடிப்போகும்.

இரவு ஆலையடிவேம்பில்
என் நாவலைத் திறந்தால்
முதல் வரி என்னை முறைக்கும்.
அன்று மழை பெய்தது.
பெய்ததா, பெய்துகொண்டிருந்ததா?
அன்றா, அன்றைக்கா?
மழையே வேண்டாம், வெயிலாக்கு.
வெயிலென்றால் அவளுக்குக் குடை எதற்கு?

ஏழு வருடம்.
முதல் அத்தியாயம் பதினாறு உருவில் இருக்கிறது.
இரண்டாவது இன்னும் பிறக்கவில்லை.
எதிர்வீட்டுச் சுபாங்கன் அதற்குள்
கட்டார் போய்த் திரும்பி வந்து
மேல்மாடிக்குக் கொங்கிறீற்றும் போட்டுவிட்டான்.

கோமாரியிலிருந்து தவராணி வந்த நாள்
கடையில் நான் மட்டும்.
வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.
"எழுதுங்க புள்ள. ஆனை வந்து மதிலை உடைச்சது.
இல்ல, முதல்ல நாய் குரைச்சது.
அதுக்கும் முதல் தென்னை ரெண்டு போயிட்டு.
குசினி. நெல்லு மூண்டு மூடை."
எந்த ஒழுங்கில் போடுவது அக்கா என்றேன்.
"ஒழுங்கோ? ஆனை என்ன ஒழுங்கிலயா வந்தது?
பொத்துவில் பஸ் வெளிக்கிடப் போகுது.
விழுந்தது எல்லாத்தையும் எழுதுங்க.
பிழையை மறுகா பாப்பம்."

பதினொரு நிமிடம்.
மதில் இரண்டு தடவை இடிந்திருந்தது,
தென்னைகள் குசினிக்குள் நின்றன.
கையெழுத்து வைத்து, தாளை மடித்து,
நகரத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகையில்
ஏறிவிட்டாள்.
மேசையில் மிஞ்சிய பிரதியை வாசித்தேன்.
ஆனை முழுசாக அதற்குள் நின்றது.

அன்றிரவு பட்டர்க் கத்தியால்
பேக்ஸ்பேஸ் விசையை நெம்பிக் கழற்றினேன்.
அதன் தங்கை டிலீட்டையும்.
இரண்டையும் கொத்தமல்லிப் போத்தலுக்குள் போட்டு
எலியை லாச்சிக்குள் பூட்டினேன்.

பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல்
விரல் அங்கே போகும்,
பள்ளத்தைத் தடவிவிட்டுத் திரும்பி வரும்.
எழுத்துப் பிழை தன் பாட்டில் கிடக்க
அடுத்த சொல் வந்து பக்கத்தில் குந்தும்.

முப்பத்தெட்டு இரவு.
எட்டாம் அத்தியாயம் வரை புனிதமலர்,
பிறகு ஜெயமலர்.
அவளே அதைக் கவனிக்கவில்லை.
நாலில் செத்த மாமா
ஒன்பதில் வந்து பிளேன்ரீ கேட்டார்.
குடிக்கட்டும்.
வரட்சிக் காலத்தில் சாகாமக் குளம் வான் பாய்ந்தது.
ஒரு கிழமைக்கு இரண்டு வெள்ளி வந்தது.
தெரியாத இடங்களில்
'இங்கே இருவருக்கும் சண்டை, எதற்கென்று மறுகா'
என்று அடித்துவிட்டுக் கடந்தேன்.
இருபத்தோராம் இரவு அழுதேன்,
அவ்வளவு மோசமாக இருந்தது.
இருபத்திரண்டாம் இரவும் மோசம்தான்,
ஆனால் நேரமில்லை,
அவர்கள் கல்முனை ஆஸ்பத்திரியில் நின்றார்கள்.

முடிந்தது.
முற்றுப்புள்ளி வைத்ததும்
மின்விசிறிச் சத்தம் முதன்முறையாகக் கேட்டது.

கடையில், பழுதான தாள்களின் பின்பக்கத்தில்
அச்சடித்தேன். இருநூற்றுப் பத்து.
ஒரு பக்கம் ஊராரின் முறைப்பாடு,
மறுபக்கம் என் பிழைகள்.
முதல் வரி அப்படியே இருந்தது.
அன்று மழை பெய்தது.
பெய்யட்டும் என்று றப்பர் பட்டி போட்டேன்.

ஏனோ பாரம் தெரிய வேண்டும் போலிருந்தது.
பக்கத்து மீன்கடைத் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட.
றிபாய்தீன் கத்தியைத் துடைத்துக்கொண்டே
"கிலோ என்ன விலை தங்கச்சி?" என்றார்.

இன்னும் செதில் எடுக்கல்ல நானா,
மறுகா சொல்றன்.