இடப்பக்கம்

பகலெல்லாம் மூட்டைக் கணக்கு ஏற்றிய அதே மவுஸ்.
அயோத்தியாப்பட்டணத்து ஆலை அடங்கியதும்
அது மட்டை.

பின்னால் இழு. நிறுத்தாதே. முன்னால் தள்ளு.
நான் நேர்கோடு என்று நினைப்பதை
கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்வதில்லை.
பந்து இடப்பக்கம் வளைந்து குளத்துக்குள்.
மறுபடியும் குளம்.

லெட்ஜர்களைத் தரையில் இறக்கியும்
மேசை போதவில்லை.
வேகமாகத் தள்ளினால் டீ கிளாஸ் கவிழ்கிறது,
மெதுவாகத் தள்ளினால்
ஏற்காட்டு ஏற்றத்தில் பழைய டிவிஎஸ் மாதிரி
பாதியிலேயே நின்றுவிடுகிறது பந்து.

வாட்ச்மேன் பச்சியண்ணன் எட்டிப் பார்த்தார்:
"யாரைங்க திட்டுறீங்க?"
மணிக்கட்டைத்தான், பத்து நாளாக.

இன்று மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் ஒட்டிக் காய்ந்திருந்தது
ஒரே ஒரு ஜவ்வரிசி.

சுரண்டி எடுத்து,
மூச்சை அடக்கி,
இழுத்துத் தள்ளினேன்.

இப்போது வலப்பக்கம் போகிறது.
பரவாயில்லை.
அங்கே மணல்தான்.