காரணம்

பள்ளி மாற்றும் படிவத்தில்
காரணம் எழுதக் கொடுத்திருப்பது
ஒரு விரல் நீளக் கோடு.

தஞ்சோங் பூங்காவில் ஒரு பங்களா. பள்ளிக்கூடமாம்.
மணி இல்லை, சீருடை இல்லை.
வாசலில் செருப்புகள் விழுந்தபடி கிடந்தன.
பத்து வயதுச் சீனப் பையன் ஒருவன்
மூன்று நாளாக நத்தை ஒன்றை
அடிக்கோலால் அளந்துகொண்டிருந்தான்.
எப்போது முடியும் என்றேன்.
நத்தைக்குத்தான் தெரியும் என்றான், நிமிராமல்.

ஈராண்டாய் வகுப்பில் வாய் திறக்காத என் தஷ்வின்
அவன் பக்கத்தில் குந்தி
தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்:
ஓட்டையும் சேர்த்தா அளக்கிற?
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதம் ஆயிரத்து நானூறு வெள்ளி.
பாயான் லெப்பாஸில் இன்னும் எத்தனை இரவு என்று
அங்கேயே விரல் மடக்கினேன்.
தேர்வு?
பிள்ளைகளே கேட்கும்போது வைப்போம்.
கேட்காவிட்டால்?
அந்த அம்மா சிரித்தார்.
எஸ்பிஎம் இல்லாமல் எந்த கேட்டில் உள்ளே விடுவார்கள் என்று
அந்தச் சிரிப்பிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.
தமிழ்?
ஆசைப்பட்டால் யூடியூப் இருக்கிறதே.

ஜெலுத்தோங்கில் இவன் வகுப்பில் பதினொரு பேர்.
ஏழாம் வாய்பாடு தடுமாறியதற்கு
வெயிலில் நிற்க வைத்தவர் மங்களேஸ்வரி டீச்சர்.
டெங்கியில் கிடந்தபோது
மோட்டாரில் தொங்கவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான்.
எந்தப் பக்கம் எழுதுவது அவரை?
இவன் போனால் பத்து.
இன்னும் குறைந்தால்
இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிடுவார்கள் என்று பேச்சு.
இந்தக் கணக்கை ஒரு பிள்ளையின் முதுகில் ஏற்றலாமா
என்று கேட்டார் என் கணவர்.
லாரி பாலத்தில் நின்றிருந்தது, போனில் ஹாரன் சத்தம்.
ஏற்றாமல் எங்கே வைப்பது என்றேன்.
அதற்குள் நெரிசல் நகர்ந்துவிட்டது.

இரவு வேலைக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறேன்.
மேசையில் இவன் படிவத்தை விரித்து
அடிக்கோலை வைத்துப் பார்க்கிறான்.
ஏழு சென்டிமீட்டர்தாம்மா.
உங்க எழுத்து பெரிசு, பத்தாது.

கீழே கம்பெனி பஸ்.
இரண்டாவது ஹாரனும் அடித்துவிட்டான்.
அவன் பெட்டியிலிருந்து பென்சிலை எடுக்கிறேன்,
பேனாவை அல்ல.
ஓடு என்று எழுதிவிட்டு
என்ன நினைத்தேனோ, அழிக்கிறேன்.