முக்கால் அங்குலம்

வஸ்தியாம்பிள்ளை அதற்கு வைத்த பெயர் கொத்தி.
மண் கொத்துவதால், என்றான் துரையிடம்.
ஊரில் அது ஒரு பேயின் பெயரென்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பேரை வாவி ஓரம், தண்டவாளத் துண்டின் மேல்
ஒரு கொதிகலன், ஒரு சாய்ந்த ஏணி,
ஏணியைச் சுற்றும் சங்கிலியில் இருபத்திரண்டு வாளிகள்.
கீழே போய் அள்ளும். மேலே வந்து
தலைகுப்புறக் கவிழும்.
சரளை மண் இருந்தவரை குறையில்லை.
பிறகு களி வந்தது,
பாதி நகரத்தின் அழுக்கை விழுங்கிச் செரித்த கறுப்புக் களி.

நிறைய அள்ளின வாளிகள்.
கவிழ்ந்தன.
ஒன்றும் விழவில்லை.
ஏறிய களியே இறங்கியது,
இறங்கிய களியே ஏறியது.
காலையில் நான் பார்த்த ஒரு தகரத் துண்டு
வெள்ளிப் பல்லைப் போல மின்னிக்கொண்டு
மத்தியானம்வரை பதினைந்து தரம் என்னைக் கடந்து போனது.

ஏணியின் உச்சியில் மெண்டிஸ்,
ஒற்றைப் பலகையில் நின்று
கவிழும் ஒவ்வொரு வாளியையும் அலவாங்கால் குத்துவான்.
இடக்கையில் அவனுக்கு நாலு விரல்தான்;
ஐந்தாவதை ஒன்பதாம் வாளி கொண்டுபோனது.

நான் கேட்டது தவறான கேள்வி:
எவ்வளவு வேகமாய்க் கவிழ்த்தால் விழும்?
தாளில் உருளையை அரை அங்குலம் பெருக்கினேன்.
பற்சக்கரத்தில் இரண்டு பல் குறைத்தேன்.
கொம்பனித்தெரு அறையில் விடிய விடிய,
சுவருக்கு அப்பால் யாரோ தையல் மெசின் மிதிக்க,
பென்சில் தேய்ந்தது.

புரட்டாதி மழையில் ஒரு புதன்கிழமை
சாம்பல் கொட்டப்போன ஜைனுதீன்
முழங்கால்வரை புதைந்தான்.
மூன்று பேர் இழுத்தோம். கால் வந்தது.
சப்பாத்து வரவில்லை.
மலாயில் எதையோ சொல்லித் திட்டிவிட்டு
உலைக்கம்பியைச் சப்பாத்தின் ஓரமாய்ச் செருகி
ஒரு சுற்று ஆட்டினான்.
பொக்கென்று ஓர் ஏப்பம்.
பிறகு இரண்டு விரலால் தூக்கினான், தேநீர்க் கோப்பையைத் தூக்குவதுபோல்.

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
களிக்கு ஏது கை, பிடிப்பதற்கு?
உள்ளே போக வழியில்லாத காற்று
வெளியே நின்று அழுத்துகிறது, அவ்வளவுதான்.

வாளியின் அடியில் ஓட்டை போடவா?
துரை கேட்ட தொனியில்
நான் குடித்திருக்கிறேனா என்ற கேள்வியும் இருந்தது.
ஒன்றில் மட்டும், என்றேன். ஒன்பதாவதில்.
வஸ்தியாம்பிள்ளை துளைத்தான்,
ஐந்து துளை, முக்கால் அங்குலம்,
ஒரே கோட்டில் வேண்டாம், தகடு கிழியும் என்று
தானே தள்ளித் தள்ளிக் குறித்துக்கொண்டு.

ஏழு, எட்டு, அலவாங்குக் குத்து.
ஒன்பது கவிழ்ந்தது.
மெண்டிஸ் ஓங்கினான்,
குத்த ஒன்றுமில்லை.
களி சரிவில் இறங்கிப் போய்விட்டிருந்தது,
வாளியின் வடிவத்திலேயே, முழுசாய்.
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பத்தாவது வரும்வரை அப்படியே நின்றான்.

இருபத்திரண்டையும் துளைக்க ஆறு நாள்.
ஏழாம் நாள் முழு நீராவி.
அரை மணியில் மேல்தண்டின் தாங்கி புகைந்தது.
மானி முள் சரிந்தது, எட்டு இறாத்தல், பத்து.
ஏனென்று ஒருவருக்கும் புரியவில்லை.
எனக்குப் புரிந்தபோது
மழைச்சட்டைக்குள் வியர்த்தது:
இறங்கும் பக்கம் ஒட்டிக்கிடந்த களிதான்
ஏறும் பக்கத்துக்கு இத்தனை நாளும் எதிர்நிறை.
அந்தப் பிழை
தன் பங்குக்குப் பாதிச் சுமை சுமந்துகொண்டிருந்தது.
அதை நான் கழற்றிவிட்டேன்.

மெண்டிஸ் இப்போது கீழே நிற்கிறான்,
அலவாங்கு இருந்த கையில் எண்ணெய்க் குடுவையோடு.
தாங்கிக்கு ஊற்றுகிறான், ஊதுகிறான், திரும்ப ஊற்றுகிறான்.
ஜைனுதீன் மானியைப் பார்க்கிறான்,
பிறகு என்னை.

புதுத் தாள்.
மேல்தண்டு: மூன்றரை அங்குலம்.
அழிக்கிறேன்.
நாலு.