ஆறு வினாடி

எடைமேடைக்கும் கழிவுக் குளத்துக்கும் நடுவில் என் அறை.
பகாவில் மழை பெய்கிறதென்று
திரை ஒருமுறை கண் சிமிட்டினால்தான் எனக்குத் தெரியும்.

இயந்திரம் தருவது ஒரே ஒரு கோடு.
தொண்ணூறு நிமிட நீளம், வினாடிக்கு நூறு எண்.
ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் எண்கள்
முன்னால் போவதன் முதுகைப் பார்த்தபடி.

அதை ஆறு வினாடிக்கு ஒரு துண்டாய் நறுக்குவேன்.
தொள்ளாயிரம் துண்டு.
ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பக்கத்தில் பக்கமாய் நிறுத்தினால்
கோடு, நிலமாகிவிடும்.
கிழக்கே போகப் போகக் கொதிக்கத் தாமதிப்பவை.
வடக்கே ஏற ஏற ஒட்டிக்கொண்டு விடாதவை.
முதல் குழாயில் சேர்ந்தே வந்தவற்றை
இரண்டாம் குழாய் விலக்கிவைக்கும்,
காலைப் பெரட்டில் ஒரே வரிசையில் நின்றவர்கள்
குலை வெட்டவும் உரம் போடவும் மருந்தடிக்கவும்
வேறு வேறு லோரி ஏறுவதுபோல.

பிறகு கழித்தல்.
குழாய் தானே கசிந்த மேட்டைக் கழிப்பேன்.
இரைச்சலுக்கு ஒரு வரம்பு வைப்பேன்,
அதற்குக் கீழே உள்ளவை இல்லாதவை.
இதைச் செய்யும்போது
நான் யாரையும் நினைப்பதில்லை.

அக்டோபர் பதினேழு, நான்காம் டேங்கர், செம்பனை எண்ணெய்.
டீசல் கறை விழும் பட்டையில்
ஒரு மஞ்சள் புள்ளி, மிளகளவு.
அறிக்கையில் எழுதினேன்: வெளிக்கலப்பு, ஐயத்திற்குரியது.
மேலே போனபோது 'ஐயத்திற்குரியது' உதிர்ந்துவிட்டது.
ஓட்டுநர்: சடையப்பன் த/பெ பெரியண்ணன்.
மூன்று வாரமாய் அவர் சாவி அலுவலக ஆணியில்.

நேற்று நோராய்னிதான் காட்டினாள்,
கையில் ரொட்டி, வாயில் பாதி.
"அக்கா, இது மட்டும் ஏன் இவ்வளவு குண்டு?"

பார்த்தேன்.
சுற்றி இருந்தவை எல்லாம் ஊசி.
இது மட்டும் வீங்கியிருந்தது,
நெடுந்தூரம் நடந்தவர் பாதம்போல.

அந்த ஊர்க்காரனே இல்லை அது.
ஆறு வினாடிக்குள் குழாயைவிட்டு வெளிவர முடியாமல்
அடுத்த துண்டின் அடிவாரத்தில் போய் விழுந்திருக்கிறது.
வடக்கின் உச்சியைத் தாண்டியது
தெற்கில் முளைத்து
டீசலின் முகவரியில் உட்கார்ந்திருக்கிறது.

மீதி மாதிரியை மறுபடி ஓட்டினேன், எட்டு வினாடி வைத்து.
தொண்ணூறு நிமிடம்.
இடையில் பசியாறப் போகவில்லை.
புள்ளி எழுந்து, பட்டையைக் காலி செய்து,
மேலே தன் இனத்தோடு நின்றது.
டீசலுமில்லை ஒன்றுமில்லை.
செம்பனை தன் கொழுப்புக்குள் தானே செய்துகொண்டது,
மரத்துக்கு மட்டும் பேர் தெரிந்தது.

திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
இயந்திரக் கோளாறு என்று எழுதலாம்,
என்சிக் ரோஸ்லான் கேட்காமலே கையெழுத்துப் போடுவார்.
இயந்திரம் சரியாகத்தான் எண்ணியது.
நறுக்கியவள் நான்.
எழுதினேன்: ஆறு வினாடி போதவில்லை. கவனிக்கத் தவறியது, நான்.
கடைசிச் சொல் கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டது.

இன்று காலை எடைமேடையில் நான்காம் டேங்கர்.
பிரேக் சீறியது. சடையப்பன் கண்ணாடியை இறக்கி
மாதிரிப் புட்டியை நீட்டினார்,
என்னைப் பாராமல்.
சூடாக இருந்தது.
நாளும் நேரமும் எழுதி ஒட்டினேன்.
மூன்று வாரச் சம்பளத்தைப் பற்றிப்
படிவம் எதுவும் கேட்கவில்லை.