முப்பத்திரண்டாவது காய்

க்டீனியா துறைமுகத்தில் உடைத்துப்போட்ட
மீன்பிடிக் கப்பலின் வயிற்றிலிருந்து வந்தது.
விசிறித் தண்டை நாற்பது வருடம்
எண்ணெய் கேட்காமல்
கடல்நீரை மட்டும் குடித்துத் தாங்கிய கட்டை.
ஒரு போத்தல் வோட்காவுக்குக் கைமாறியது.

வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள் போஜெனா.
கல்போலப் போய் அடியில் உட்கார்ந்தது.
மரம் மிதக்கும் என்றெழுதிப் பள்ளியில் வாங்கிய
மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றியது.

கார் இல்லாத கார் கொட்டகை.
வெளியே மைனஸ் ஒன்பது.
முதல் நாள் ரம்பத்தின் பற்கள் நீலம் பூத்தன.
இரண்டாம் நாள் புது ரம்பம்.
மூன்றாம் நாள் துளையூசி உள்ளேயே ஒடிந்துகொண்டு
வரமாட்டேன் என்றது.
கடைசல் உளியைத் தீட்டிய நேரம்
கடைந்த நேரத்தைவிட அதிகம்.
சுருளாக வரவில்லை, மாவாக வந்தது.
முகமூடிக்குள்ளேயே தும்மினாள்.
ஆனால் அந்த வாசனை!
சூடேறச் சூடேற,
யாரோ ஒரு பணக்காரி
லிஃப்டில் விட்டுப்போனதுபோல.

அடியில் ஒட்டிய கம்பளித் துணி
காலையில் கழன்று கிடந்தது.
அசிட்டோனால் துடைத்து
உடனே ஒட்டிவிட வேண்டுமாம்,
தாமதித்தால் மறுபடி வியர்த்துவிடும்.
ஒட்டிக் கவ்வியில் இறுக்கிவிட்டு
ரொட்டி தின்னப் போனாள்.

ஜன்னலோரம் வைத்த பழுப்பு
ஒரு வாரத்தில் பச்சைக்குப் போயிருந்தது.
கறுப்புப் படையில் ஒரு பச்சை.
இருக்கட்டும்.
தொலைந்த காயின் இடத்தில்
இரண்டு வருடமாக நின்றது
உப்புக்குப்பியின் மூடி.

இவர்கள் பாஷையில் இந்தக் காய்க்குக்
கோபுரம் என்று பெயர்.
நமக்கு யானை.
தூக்கிப் பார்த்தால் தெரியும்
யார் சொல்வது சரியென்று.

வெள்ளிக்கிழமை நான்காம் மாடி லுட்விக் வந்தான்.
அவனுக்குக் கறுப்பு.
லேசென்று நினைத்துத் தூக்கிய விரல்கள்
பாதியில் நின்று
மறுபடி பிடித்தன.
வைத்தபோது மேஜை சின்னதாகப் பதில் சொன்னது.
ஒன்றும் பேசவில்லை அவன்.
தேநீர் ஆறியது.

இருபத்தாறாவது நகர்த்தலில்
யானையைக் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பான்.
அவளுக்குத் தெரிந்தது.
அவனுக்கும் தெரிந்தது.
கை அதனருகே போய்,
தொடாமல் திரும்பி வந்து
ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியது.

தோற்றுவிட்டுத் தொப்பியை மாட்டும்போது கேட்டான்:
"அந்தக் கட்டையில் மிச்சம் இருக்கிறதா?"

"கட்டை இருக்கு," என்றாள் போஜெனா.
"ரம்பம்தான் இல்லை."