தற்காலிக அடைப்பு

ஹீயுமா தீவைச் சுற்றிக் கடல் உறைந்ததும்
மீன் கிடங்கில் பாதியை வாடகைக்கு எடுத்து
படகை உள்ளே இழுத்து நிறுத்தினேன்.
ஐம்பத்தெட்டு வயதுப் பாய்மரப் படகு.
ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு
ஹெல்டுர் விற்றது.
"கொஞ்சம் வண்ணம் பூசினால் போதும்" என்றார்.

கொஞ்சம்.

பகலில் நான் பல் மருத்துவர்.
ஐந்தரைக்கு மேல்
அதே கொக்கி ஊசியால்
படகின் விலாக்களைக் குத்திப் பார்ப்பேன்.
நல்ல ஓக் ஊசியைத் தள்ளிவிடும்,
கெட்டது ஈர ரொட்டிபோல வாங்கிக்கொள்ளும்.
வாசனையும் பழகியதுதான்,
ரொம்ப நாள் மூடியிருந்த வாயின் வாசனை.

ஒன்பதாவது விலாவருகே
அடித்தட்டுப் பலகையைத் தூக்கினேன்.
சிமெண்ட்.
வீடு கட்டுகிற சிமெண்ட், மணலும் சரளையும் கலந்து.
ஒரு பீர் மூடிகூடப் பதிந்திருந்தது.
செம்பு ஆணி இருக்கவேண்டிய இடமெல்லாம்
இரும்பு,
தானும் துருவாகி
சுற்றியிருந்த ஓக்கையும் மையாய்க் கறுக்க வைத்திருந்தது.

குளிர்காலம் முழுக்க
உளியடித்த கையும் ஹெல்டுரைத் திட்டிய வாயும்
ஓயவில்லை.
எஸ்தோனிய வசைகள் தீர்ந்துபோய்
மறுபாதிக் கிடங்கில் வலை முடைகிற யோர்மாவிடம்
ஃபின்னிஷ் மொழியில் நான்கு கடன் வாங்கினேன்.
பதினோரு வாளி அள்ளிக் கொட்டியபின்
அடியில் கரித்தூள்.
பலகை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை,
வெளிப்பக்க வண்ணம் மட்டும்
வளைவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிப்ரவரியில் ஹெல்டுர் வந்தார்.
கிடங்குக்கு அல்ல, என் நாற்காலிக்கு,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.
கீழ்த்தாடை, இடப்பக்கம், ஆறாவது.
ஊசி போட்டேன். விளக்கை இழுத்தேன்.
பஞ்சுருளை, உறிஞ்சுகுழல்.
பிறகு கேட்டேன்:
"இரும்பாணி ஏன்?"
"ஆஆ."
"சிமெண்ட்?"
"ஆ, ஆஆ, அ."
"கொஞ்சம் வண்ணமா?"
கண்கள் இரண்டும் கூரைக்குப் போய்விட்டன.
உதவியாளர் மாரெத் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

துப்பியபின்,
மரத்த உதட்டில் பாதிச் சொற்கள் வழிய,
சொன்னார்.
அக்டோபர். வோர்ம்சிக்கு அருகே பாறை இடித்தது.
இரண்டு நாளில் வடமேற்குக் காற்று என்றது வானொலி.
மைத்துனன் மாட்டுத்தொழுவத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தான்,
ஒரு மூட்டை மிச்சம்.
ஒரு குளிர்காலத்துக்குத்தான் என்று நினைத்தாராம்.
பதினேழு ஆயிற்று.
"சொட்டுக்கூட வரவில்லை, டாக்டர்."
பெருமையாகச் சொன்னாரா, மன்னிப்பாகவா,
அந்த உதடு காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரே நாளில் முடிகிற பல் அல்ல.
குழிக்குள் மருந்து வைத்து
கண்ணாடித் துண்டில் வெள்ளைப் பொடியைக் குழைத்தேன்.
புட்டியின் மேல் எழுதியிருந்தது: சிமெண்ட்.
அவரும் படித்துவிட்டார்.
அழுத்தினேன், வழித்தேன், கடிக்கச் சொன்னேன்.
"இது தற்காலிகம். இரண்டு வாரத்தில் வாருங்கள்."
சிரித்தார், பாதி முகத்தால்.

வரவில்லை.

மார்ச்சில் புதுப் பலகைகள்.
குழாய்க்குள் ஒரு மணி நேரம் ஆவியில் வெந்த மரம்
இரண்டு நிமிடம்தான் சொன்னபடி கேட்கும்.
யோர்மாவும் நானும் கையுறையோடு ஓடினோம்.
ஒன்று பிளந்தது. மூன்று அமர்ந்தன.
செம்பாணிகளை நான் வெளியிலிருந்து அடிக்க
அவர் உள்ளே தாங்கி மடக்கினார்,
என் பக்கத்து அடியை எண்ணி, பேச்சில்லாமல்.

மே மாதம் தண்ணீரில் இறக்கினோம்.
எல்லா இணைப்பிலும் கடல் வந்தது.
வரும். காய்ந்த மரம் குடித்து ஊதினால்தான்
இடுக்கு மூடும். தெரியும்.
தெரிந்தும் மூன்று இரவு
பம்பைக் கட்டிக்கொண்டு படகிலேயே கிடந்தேன்.

இரண்டாம் நாள் காலை
துறைமேடையில் ஹெல்டுர்.
"சொட்டுகிறதா?"
முழங்கால்வரை நனைந்திருந்தேன்.
"குடிக்கிறது" என்றேன்.
தலையாட்டினார்.
கோட்டுப் பையிலிருந்து கறுப்பு ரொட்டியைப் பிய்த்து
நிதானமாக மென்றார்,
இடப்பக்கமாக.