முப்பது வரை

கக்காபெக்காவுக்கு மேற்கே, நவம்பர்,
மைனஸ் பத்தொன்பது.
அறுபது கஜத்தில் ஒரு கலைமான்
காலால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தது.
கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கிழுத்து
மூச்சைப் பாதியில் நிறுத்தி
விசையை அழுத்தினேன்.

டிக்.

பேனாவுக்கு மூடி போட்டதுபோல்.

சுடாத துப்பாக்கியை உடனே திறக்காதே,
குழல் பார்த்த திசையையே பார்க்கட்டும்,
உள்ளே நெருப்பு தாமதமாக யோசிக்கலாம்,
முப்பது எண்ணு
என்றிருந்தார்கள் உரிமத்துக்கான வகுப்பில்.

எண்ணினேன்.
ஆங்கிலத்தில் தொடங்கியது
நாலுக்கு மேல் எப்படியோ தமிழாகிவிட்டது.
பதினொன்றில் மான் தலை தூக்கியது.
பதினேழில் என்னைப் பார்த்தது,
அல்லது என் பின்னால் நின்ற எதையோ.
இருபத்திரண்டில் மறுபடி குனிந்து மென்றது.
இத்தனை நேரம், இத்தனை நேராக
யாரையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.
இருபத்தொன்பது.
முப்பது.

லெவரைத் தள்ளினேன். தோட்டா பனியில் விழுந்து
தனக்கென ஒரு குழி செய்துகொண்டது.
அடுத்தது ஏறிய சத்தத்தில் மான் விறைத்தது.
அழுத்தினேன்.
டிக்.
அது காத்திருக்கவில்லை.
ஆனாலும் முப்பதையும் எண்ணினேன்,
வெறும் பனியைப் பார்த்து.

அய்லா கொர்ப்பேலாவின் சமையலறை மேசை.
செய்தித்தாள்மேல் இரண்டு தோட்டாக்கள்.
ஒவ்வொன்றின் அடியிலும் பிரைமரில் ஒரு பள்ளம்;
கடுகு உட்காரக்கூட இடம் காணாது.
"தோட்டா பழசு" என்றாள்.
அதே பெட்டியிலிருந்து மூன்றை எடுத்துப்போய்
கொல்லை மணல்மேட்டை நோக்கித்
தன் துப்பாக்கியால் சுட்டாள். மூன்றும் வெடித்தன.
"அப்படியானால் ஸ்பிரிங்."
ஷ்ரைபரில் இதை எனக்கு விற்ற மனிதர்
விசை மென்மையாகட்டும் என்று ஒரு சுற்றை வெட்டியிருப்பார்;
இருவரும் கொஞ்ச நேரம் அவரைத் திட்டினோம்.
பிறகு சுற்றுகளை எண்ணினோம்.
ஒன்றும் குறையவில்லை. பாவம், அந்த மனிதர்.

லெவரின் ஒற்றைத் திருகைக் கழற்றியதும்
போல்ட் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.
ஊசியை விரலால் தள்ளிப் பார்த்தேன்:
போனது, வந்தது,
எதுவும் தெரியாத பிள்ளைபோல.

மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்களைப்
பழுதுபார்க்கிறவள் நான்.
பழுதுக்குக் கூச்சம் அதிகம்.
இரவு மூன்று மணிக்கு நோயாளி பக்கத்தில் அலறும்,
நான் பையைத் திறந்ததும் வாயை மூடிக்கொள்ளும்.
அது எங்கே குடியிருக்கிறதோ
அங்கே போய்த்தான் பிடிக்கவேண்டும்.

போல்ட்டைத் துணியில் சுற்றி உறைபெட்டியில்
புளூபெரிப் பைகளுக்கு நடுவே வைத்தோம்.
காப்பி குடித்தோம்.
அய்லா முதல் தடவையாகத் தன் விவாகரத்தைப் பற்றிப் பேசினாள்,
முடிக்காமல் எழுந்து கோப்பையைக் கழுவினாள்.

இரண்டு மணி நேரம் கழித்துத் தள்ளினால்
ஊசி சேற்றில் நடந்தது.
துளைக்குள் குச்சியை விட்டு எடுத்தேன்:
பதம் தப்பிய வெல்லப்பாகாய்
கறுத்து இழுபட்டது எண்ணெய்.

ஊற்றியது நான்.
அக்டோபர் மழையில் நனைந்து வந்த இரவு,
துரு பிடித்துவிடுமே என்று
தீபாவளிக் குளியல் கணக்காக
அள்ளி அள்ளி.

அய்லா எதுவும் சொல்லவில்லை.
பிரேக் கிளீனர் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

கழுவி, துடைத்து, உலரவிட்டேன்.
ஊசிக்கு எண்ணெய் ஒரு துளிகூட இல்லை.
வறண்டிருப்பதுதான் இனி அதற்குப் பராமரிப்பு;
கை மட்டும் டப்பாவைத் தேடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மணல்மேட்டில், அதே குளிரில்,
ஐந்துக்கு ஐந்து.
பள்ளம் விழுந்த இரண்டையும்
அழிக்கச் சொல்லிச் சுடும் கழகத்தில் கொடுத்தாயிற்று.

சீசன் முடிய இன்னும் ஆறு நாள்.
அது எங்கோ மென்றுகொண்டிருக்கும்.
எதிரே வந்தால் அடையாளம் தெரியுமோ என்னவோ.
தெரிந்தால்,
முப்பத்தொன்று என்றுதான் தொடங்கும் என் வாய்.